ஒண்ணாம் நம்பர் கியர்

நான் சன்னல் ஓரம் உக்கார மாட்டேன் சார். எட்டு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாம இந்த ஏர்காடு பஸ்சுல வர்றேன், ஒரு நாள் கூட சன்னல் ஓரம் உக்காந்ததில்ல. உங்களுக்குப் பள்ளத்தைப் பாத்தா தலை சுத்துதுங்கறீங்க. சரி, உங்களுக்காகத்தான் நகந்தேன். பரவாயில்ல, பரவாயில்ல. காலை மட்டும் கொஞ்சம் நீட்டிக்கிறேன், இந்த முட்டி மடக்குனா வலிக்குது. பையை மடியில வச்சுக்கிறேன். உள்ள இட்லி இருக்கு, கவுந்துரும்.

சுத்திப் பாக்கவா? நானா? இல்ல சார், நான் சேலத்துக்காரன்தான். பொறந்ததுலேர்ந்து இந்த மலையைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மேல எங்க வீட்டம்மா வருவாங்க. அவங்களுக்கு டிபன் கொண்டு போறேன். அவ பஸ்சுல வரல. சைக்கிள்ல வர்றா. ஆமா, சைக்கிள்லதான். நம்ப மாட்டீங்க. எல்லாரும் இப்படித்தான் பாக்குறாங்க, நீங்க பாக்குற மாதிரியே. அம்பத்தேழு வயசு. காலையில அஞ்சரைக்குக் கிளம்பிட்டா. இந்த பஸ்சு அவளைப் பதினாறாவது வளைவுல பிடிக்கும் பாருங்க. மொத மொதல்ல பதினொண்ணுலயே பிடிச்சோம். இப்பப் பதினாறு. நான் எண்ணிக்கிட்டு வர்றதில்ல, கண்ணுல படுது, அவ்வளவுதான்.

இது மூணாவது. மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு.

பெரிய விஷயமெல்லாம் இல்ல சார். கியர் சைக்கிள். அதைத்தான் சொல்ல வர்றேன். கியர் போட்டு ஏறுறது ஒரு ஏத்தமா? நான் முப்பத்தொரு வருஷம் ஆலையில மெயின்டனன்ஸ் பிட்டர். பேரு தனகோபால். வீட்லேர்ந்து ஆலைக்குப் பதினாலு கிலோமீட்டர், வர பதினாலு. இருபத்தி நாலு இஞ்சு சைக்கிள், கியரும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது. வழியில ரயில்வே மேம்பாலம் ஒண்ணு இருக்கு. முப்பத்தொரு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட நான் அந்தப் பாலத்துல இறங்கித் தள்ளிக்கிட்டுப் போனதில்ல. யாரை வேணா கேட்டுப் பாருங்க. கூட வந்தவன் எல்லாம் இறங்கித் தள்ளுவான். நான் தள்ள மாட்டேன். எந்திரிச்சு நின்னு மிதிச்சுருவேன்.

ரிட்டயர் ஆன வருஷம் ரெண்டு பேருக்கும் சுகர்னு சொல்லிட்டாங்க. பெங்களூர்ல இருக்கிற மக உடனே ரெண்டு கியர் சைக்கிள் வாங்கி அனுப்பிட்டா. அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு. முன்னாடி ஒரு பல்சக்கரம், பின்னாடி எட்டு. கைப்பிடியில ஒரு லீவர். எட்டுன்னா பளுவு, ஒண்ணுன்னா லேசு. பின்னாடி இருக்கிறதுலயே பெரிய சக்கரம்தான் ஒண்ணாம் நம்பர். அதுல செயின் விழுந்துருச்சுன்னா சின்னக் குழந்தை கூட மிதிக்கும். வண்டி ஊர்ந்துதான் போகும், ஆனா சுவத்துல கூட ஏறிரும்.

அவ அதுக்கு முன்னாடி கல்யாணத்துக்கு அப்புறம் சைக்கிளைத் தொட்டதே இல்ல. நான்தான் பழக்கி விட்டேன். நல்லா எழுதிக்குங்க சார், நான்தான் பழக்கி விட்டேன்.

எங்க ஏரியாவுல ஒரு குரூப்பு இருக்கு. பத்துப் பன்னெண்டு பேரு, எல்லாம் ரிட்டயர் ஆனவங்க. அருள்தாஸ்னு ஒரு பி.டி. மாஸ்டர்தான் தலைவர். முப்பது வருஷம் விசில் ஊதுன மனுஷன், விசிலை விட்டும் வாய் நிக்கல. ‘ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே கியரை லேசாக்கிக்குங்க. ஏத்தத்துல அழுத்தி மிதிச்சுக்கிட்டே மாத்தாதீங்க, செயின் மாட்டிக்கும். கால் ஒரே வேகத்துல சுத்தணும், ரோடு எப்படி இருந்தாலும். பக்கத்துல வர்றவங்களோட பேசிக்கிட்டே மிதிக்க முடியணும். பேச முடியலன்னா கியர் தப்பு.’ வாராவாரம் இதே பாட்டு. முப்பத்தொரு வருஷம் செயினும் சக்கரமுமா கிடந்தவன் நான். எனக்குச் செயினைப் பத்தி ஒரு விசில்காரர் சொல்லித் தரணுமா?

எங்க வீட்டம்மா பேரு தமயந்தி. அவ அந்த மனுஷன் சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டா. சின்ன மேடு வந்தாக் கூட டக்குனு ஒண்ணாம் நம்பர். காலு ரெண்டும் தையல் மிஷின் ஓட்டுற மாதிரி சுத்தும், வண்டி இம்மியா நகரும். குரூப்புல பாக்குறவன் எல்லாம் சிரிப்பான். சிரிச்சாங்களான்னா, சிரிச்சிருப்பாங்க. எனக்குத்தான் மானம் போச்சு. நான் சொன்னேன், ‘ஏம்மா, ஒண்ணாம் நம்பர்ங்கறது அவசரத்துக்கு. எடுத்த எடுப்புலயே அதைப் போட்டுட்டா அப்புறம் நிஜமான ஏத்தம் வரும்போது எங்க போவ?’ அதுக்கு அவ, ‘அப்பவும் அதே ஒண்ணுலயே போவேங்க’ன்னா. பாருங்க, எப்படிப் பேச்சுன்னு.

இல்ல, அவ பேசுற ஆளு இல்ல சார். அதிகம் வாயே திறக்க மாட்டா. எங்க வீட்டு மிக்சியில மூணு ஸ்பீடு. அதுல மூணாவது வேலை செய்யாது. எத்தனை வருஷமா? ஒம்பது வருஷமா! மக லீவுக்கு வந்தப்ப சட்னி அரைக்கப் போயித்தான் எனக்கே தெரியும். ஒரு பிட்டர் இருக்கிற வீட்டுல, சார்! ‘ஏன்டி சொல்லல’ன்னு கேட்டா, ‘ஒரு தடவை சொன்னேன், நாளைக்குப் பாக்குறேன்னீங்க’ங்கறா. அவ்வளவுதான். ஒம்பது வருஷம் ரெண்டாவதுலயே அரைச்சிருக்கா. அன்னைக்கே பத்து நிமிஷத்துல சரி பண்ணிக் கொடுத்தேன். நல்ல கதையா இல்ல?

ஏழாவது வளைவு. இங்கதான் குரங்கு அதிகம். கையை வெளிய வைக்காதீங்க. ஓ, நான்தானே சன்னல் பக்கம். சரி.

குரூப்புல முடிவு பண்ணாங்க, ஏர்காடு ஏறணும்னு. ஆடி மாசம், வெயில் குறைஞ்சப்புறம். எல்லாரும் ரெண்டு மாசம் பழகுனாங்க. குரும்பப்பட்டிப் பக்கம் ஒரு மேடு இருக்கு, அதுல ஏறி ஏறி இறங்குவோம். ஒரு நாள் அந்த மேட்டுல அவ என்னைத் தாண்டிப் போயிட்டா. நான் அஞ்சுல நின்னு மிதிச்சுக்கிட்டு இருக்கேன், இவ தையல் மிஷின் மாதிரி காலைச் சுத்திக்கிட்டு, மாஸ்டரோட ஏதோ புளிக்குழம்பு பக்குவம் பேசிக்கிட்டே தாண்டிப் போறா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஏர்காடு போறதுக்கு மொத நாள் சாயங்காலம் ரெண்டு வண்டியையும் துடைச்சு எண்ணெய் போட்டேன். போடும்போது... இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க மேல இறங்குனா அப்புறம் பாக்கப் போறதில்ல, அதனால சொல்றேன். பின் சக்கரத்துக்கிட்ட செயினை இங்கயும் அங்கயும் தள்ளி விடுறதுக்கு ஒரு கை மாதிரி தொங்கும். அதுல பொடி ஸ்க்ரூ ரெண்டு இருக்கும். அதுல ஒண்ணை முடுக்குனா செயின் கடைசி பெரிய சக்கரத்துக்குப் போகாது. ஒண்ணாம் நம்பர் விழாது. ரெண்டோட நின்னுரும். அவ வண்டியில அதை ரெண்டு சுத்து முடுக்கி விட்டேன். ரெண்டே சுத்துதான். அவ்வளவுதான் நான் பண்ணது. கழட்டல, உடைக்கல. அவ நல்லதுக்குத்தான். இல்லாட்டிப் போனா எட்டு மணி நேரம் ஊர்ந்துக்கிட்டு இருப்பா, கூட நான் நிக்கணும்.

காலையில அடிவாரத்துல கிளம்பும்போது கேட்டா. ‘ஏங்க, ஒண்ணாம் நம்பர் விழ மாட்டேங்குது’ன்னு. நான் வேற பக்கம் பாத்துக்கிட்டு, ‘அது அப்படித்தான், ரெண்டுலயே பழகு’ன்னு சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டுப் போயிட்டா. நானும் டீ குடிக்கப் போனேன். திரும்பிப் பாக்குறேன், அந்த அருள்தாஸ் மாஸ்டர் இவ வண்டியோட பின் சக்கரத்துக்கிட்ட குத்த வச்சு உக்காந்திருக்காரு. காத்து அடிக்கிற பம்பு கையில இருந்துச்சு. ஆனா எனக்குத் தெரியாதா? கழுகுக் கண்ணு அந்த ஆளுக்கு. ஸ்க்ரூவைப் பாத்துட்டாரு, கழட்டி விட்டுட்டாரு. அவகிட்டயும் சொல்லியிருப்பாரு, உன் வீட்டுக்காரன் பண்ண வேலையைப் பாருன்னு.

அப்புறம் என்ன, ஏறுனோம். நான் நாலாம் நம்பர். அதுக்குக் கீழ இறக்க மாட்டேன்னு மனசுல ஒரு இது. மொத அஞ்சு வளைவு நான்தான் முன்னாடி, குரூப்பே பின்னாடி. ஆறு, ஏழு... தொடை கல்லாயிருச்சு. ஒம்பதாவது வளைவுல அவ வந்தா. என் பக்கத்துல வந்து, ‘ஏங்க, கொஞ்சம் லேசாக்கிக்கிட்டு மெல்ல வாங்க’ன்னா. எனக்குப் பதில் சொல்லக் கூட மூச்சு இல்ல. அவளுக்கு மூச்சே வாங்கல. போயிட்டா.

மூச்சுன்னதும் ஞாபகம் வருது. எங்கம்மா பக்கவாதம் வந்து ஆறு வருஷம் படுக்கையில கிடந்தாங்க. நான் ஷிப்டு வேலை. இவதான் பாத்தா. புரட்டிப் போடுறது, துடைக்கிறது, ஊட்டுறது. ஆறு வருஷமும் ஒரே மாதிரி, ஒரு நாள் கூட அவ மூச்சு வாங்கி நான் பாத்ததில்ல. அவளுக்குச் சில விஷயம் சுளுவா வரும் சார். எனக்குத்தான் எல்லாம் கஷ்டப்பட்டு வரணும்.

பதினாலாவது வளைவுல என்னால முடியல. உண்மையைச் சொல்லணும்ல. கண்ணு இருட்டுது. யாரும் இல்ல பக்கத்துல. சரி, மூணு போட்டுக்குவோம்னு லீவரைத் தள்ளுனேன். நின்னு முழு பலத்தையும் போட்டு மிதிச்சுக்கிட்டே தள்ளுனேன். ஒண்ணு தள்ளி நிறுத்தல, ஆத்திரத்துல நாலு தள்ளு தள்ளுனேன். கடகடன்னு ஒரு சத்தம். செயின் கழண்டு பின் சக்கரக் கம்பிக்குள்ள போயிருச்சு. வண்டி நின்னுச்சு, நான் நிக்கல. இந்த முட்டி நேராக் கைப்பிடிச் சுவத்துல. பலாப்பழம் ஏத்த மேல போன வேன்காரன்தான் தூக்கி உக்கார வச்சு, திரும்பக் கீழ கொண்டு வந்து ஆஸ்பத்திரியில விட்டான்.

அவ அப்ப மேல ஏரிக்கரையில மொளகா பஜ்ஜி தின்னுக்கிட்டு இருக்கா! குரூப்புல போட்டோ போட்டாங்க. சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. அவ அப்படிச் சிரிச்சு நான் எந்தப் போட்டோவுலயும் பாத்ததில்ல, கல்யாண ஆல்பத்துல கூட. ஆஸ்பத்திரி பெஞ்சுல காலை நீட்டிக்கிட்டு அந்தப் போட்டோவைப் பாத்தேன் சார். வயிறு எரிஞ்சுச்சு. பொண்டாட்டி சிரிச்சதைப் பாத்து வயிறு எரியுமான்னு கேட்டா, எரிஞ்சுச்சு, என்ன பண்றது.

நியாயத்தைச் சொல்லுங்க. அவ ஏறுனது ஒண்ணாம் நம்பர்ல. மாஸ்டர் ஸ்க்ரூவைக் கழட்டி விட்டதால ஏறுனா. ஒண்ணாம் நம்பர் இல்லாம அந்த வயசுல இந்த மலை ஏற முடியாது, என்னாலயே முடியல. அது ஏத்தமா? ஊருக்கே பெரிய சாதனையாத் தெரியுது.

அதை விட எனக்கு எது முள்ளுன்னா, அவ ஒரு வார்த்தை கேக்கல. அவளுக்குத் தெரியும், நான்தான் முடுக்குனேன்னு. மாஸ்டருக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரியாத மாதிரியே இருக்காங்க. கால்ல கட்டோட மூணு மாசம் படுத்திருந்தேன். கஞ்சி கொடுத்தா, ஒத்தடம் கொடுத்தா, தாங்கிப் பிடிச்சுக் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போனா. ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், இப்பக் கேப்பா, இப்பக் கேப்பான்னு. கேக்கல. சண்டை போட்டிருந்தா முடிஞ்சு போயிருக்கும். அவ சும்மா இருக்க இருக்க, எனக்கு அவ முகத்தைப் பாத்துப் பேச முடியல. குரூப்பை விட்டுட்டேன். மாஸ்டர் வீட்டுக்குப் பாக்க வந்தாரு, தூங்குற மாதிரி படுத்துக்கிட்டேன்.

கட்டுப் பிரிச்சப்ப டாக்டர் சொன்னாரு, இந்த முட்டிக்குச் சைக்கிள்தான் மருந்து, லேசான கியர் போட்டு மிதிங்கன்னு. அவ சனிக்கிழமை ஆனா கேப்பா, ‘நாளைக்கு நீங்களும் வாங்களேன், ஒண்ணுலயே போட்டுக்கிட்டு மெதுவாப் போலாம், நான் கூடவே வர்றேன்’ன்னு. ஒண்ணாம் நம்பர்னு அவ வாயால சொல்லும்போது எனக்குக் குத்திக் காட்டுற மாதிரி இருக்கும். வேணும்னே சொல்றான்னு தோணும். வேணாம்மா, நீ போன்னுருவேன். என் வண்டியைத் துடைச்சு, காத்தடிச்சு, வாசல்லயே நிறுத்தி வச்சிருப்பா. நான் பஸ்சுல வருவேன்.

ஏன் வர்றேன்னா... வீட்டுல உக்காந்து என்ன பண்றது சார். அவ பசியோட இருப்பா. இட்லி, பிளாஸ்க்குல காப்பி, ஒரு துண்டு. அடியில ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கிடக்கு. முப்பத்தொரு வருஷப் பழக்கம், அது இல்லாம வெளிய கிளம்ப வராது. ஆனா அவ வண்டியை நான் அன்னையிலேர்ந்து தொட்டதில்ல. அந்தச் சக்கரத்துப் பக்கம் திரும்பக் கூட மாட்டேன். பஸ்சு அவளைத் தாண்டும்போது நான் டிரைவர் பக்கம் பாத்துக்குவேன்.

என்ன, நின்னுருச்சு? பதினேழாவது வளைவு. மேலேர்ந்து லாரி இறங்குது போல. கட்டை ஏத்துன லாரி. ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்பும், அஞ்சு நிமிஷம் ஆகும். அவளைத்தான் இன்னும் காணோம். பதினேழு வரைக்கும் வந்துட்டாளா இன்னைக்கு?

அதோ. அதோ பாருங்க சார், முன்னாடி, பச்சைச் சுடிதார், தலையில துண்டு. ரோட்டு ஓரமா நிக்கிறா, லாரிக்கு வழி விட்டு. நம்ம டிரைவர் அவளைப் பாத்துக் கும்பிடு போடுறாரு பாருங்க. எல்லாருக்கும் தெரியும் அவளை. டிரைவர் கொஞ்சம் முன்னாடி நகத்துறாரு. நேரா நம்ம சன்னலுக்குக் கீழயே வந்துருச்சு. நான் குனிஞ்சுக்கிறேன், நீங்க கொஞ்சம்... இல்ல, பாத்துட்டா. ‘பிளாஸ்க்கு எடுத்துக்கிட்டீங்களா’ங்கறா. எடுத்துக்கிட்டேம்மா, எடுத்துக்கிட்டேன்.

சார். இங்க பாருங்க. தலை சுத்துனா பரவாயில்ல, ஒரு நிமிஷம் இங்க எட்டிப் பாருங்க. அவ வண்டி பின் சக்கரம் தெரியுதா? எட்டுப் பல்சக்கரம் அடுக்கியிருக்கு பாருங்க. ஏழும் செயின் ஓடி ஓடி எண்ணெயும் அழுக்கும் ஏறிக் கருப்பாக் கிடக்கு. அந்தக் கடைசிப் பெரிய சக்கரம், உள்பக்கம் இருக்கிறது, அது மட்டும் எப்படி இருக்கு? பளபளன்னு இருக்குதில்ல? அன்னைக்கு நான் துடைச்சு வச்ச மாதிரியே இருக்குதில்ல? ஒரு சொட்டு எண்ணெய் படல. அன்னையிலேர்ந்து செயின் அதுல ஏறினதே இல்ல சார். இப்பவும் ரெண்டுலதான் கிடக்கு செயின்.

இருங்க, கேக்குறேன்.

தமயந்தி! ஏம்மா, ஒண்ணாம் நம்பர் போட்டுக்கலையா?

கேட்டீங்களா சார்? கேட்டீங்களா என்ன சொன்னான்னு? ‘அதுதான் விழாதேங்க, நீங்கதானே ரெண்டுல பழகுன்னீங்க, பழகிட்டேன்’ங்கறா. சிரிச்சுக்கிட்டே சொல்றா. குத்திக் காட்டல சார். முகத்தைப் பாருங்க, அந்த முகத்துல ஒண்ணும் இல்ல. அவளுக்குத் தெரியவே தெரியாது. மாஸ்டர் அன்னைக்குக் காத்துதான் அடிச்சிருக்காரு. ஒருத்தரும் கழட்டல. அந்த ஸ்க்ரூ நான் முடுக்குன இடத்துலயே இருக்கு. எட்டு மாசமா, வாராவாரம், இருபது வளைவும், நான் விட்டு வச்ச ரெண்டுலயே ஏறியிருக்கா. முப்பத்தஞ்சு தடவை பஸ்சுல தாண்டிப் போயிருக்கேன். முப்பத்தஞ்சு தடவையும் டிரைவரைப் பாத்துக்கிட்டுப் போயிருக்கேன்.

நான் என்னென்னமோ நினைச்சேனே சார் அவளை. எங்க அம்மாவைப் பாத்தவளை. ஐயோ, அவளுக்குச் சுளுவா வரும்னு இப்பத்தான் உங்ககிட்டச் சொன்னேன்.

கொஞ்சம் காலை மடக்குங்க சார், நான் வெளிய வரணும். வலிக்கட்டும். கண்டக்டர்! கண்டக்டர் தம்பி, ஒரு நிமிஷம், ஆள் இறங்கணும். இல்லப்பா, ஸ்டாப் இல்லன்னு எனக்கும் தெரியும், லாரி நிக்குதில்ல, அதுக்குள்ள இறங்கிருவேன். சார், இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. மேல உள்ள இட்லி நசுங்காம, அடியில கையை விடுங்க, ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். மஞ்சப் பிடி. ஆங், அதுதான்.

ரெண்டு சுத்து பின்னாடி திருப்பணும். ரெண்டே சுத்துதான். அவ என்னங்க பண்றீங்கன்னு கூடக் கேக்க மாட்டா, தண்ணியைக் குடிச்சுக்கிட்டு நிப்பா. கேட்டா பதில் சொல்லிரலாம். கேக்க மாட்டா சார், நானாத்தான் சொல்லணும்.